புதுப்பிப்பு: போனி காஷின் கம்பளிக் கோட்டின் காலம் தெரிந்துவிட்டது

தோல் விளிம்பும் பித்தளைத் திருகுக் கொக்கிகளும் கொண்ட, அமெரிக்க ஆடை வடிவமைப்பாளர் போனி காஷின் பெயர்ச்சீட்டு தைத்த என் கோட்டு எந்த ஆண்டைச் சேர்ந்தது என்று இங்கே கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் மனமார்ந்த நன்றி.

உள்பையைத் திருப்பிப் பார்க்கச் சொன்ன யோசனையே பலன் தந்தது. அங்கே அமெரிக்கப் பெண்கள் ஆடைத் தொழிலாளர் சங்கத்தின் சீட்டு இருந்தது. அதில் ஏ.எஃப்.எல்.–சி.ஐ.ஓ. என்ற எழுத்துகள் உள்ளன. அவ்வெழுத்துகள் குறிக்கும் இரு அமெரிக்கத் தொழிற்சங்கக் கூட்டமைப்புகளும் இணைந்தது 1955 டிசம்பரில் என்பதால், கோட்டு அதற்கு முந்தையதாக இருக்க முடியாது. அச்சங்கச் சீட்டுக்கு 1974இல் வந்த சிவப்பு, வெள்ளை, நீல வடிவமும் அது அன்று. அருகிலேயே 1964இல் அறிமுகமான, கம்பளித் தரத்தைக் குறிக்கும் வூல்மார்க் முத்திரையும் இருந்ததால் தொடக்க எல்லை இன்னும் நெருங்கியது.

துவைப்புக் குறிப்புச் சீட்டு இல்லை. அமெரிக்காவில் அது 1972 ஜூலையில் கட்டாயமானது. ஆனால் பலர் அதை வெட்டி எறிந்துவிடுவதால், சீட்டு இல்லாததை மட்டும் நம்பாமல் உள்துணியின் தையல்களை உருப்பெருக்கியில் பார்த்தேன். பிரித்த ஊசித் துளை எதுவும் இல்லை. ஆகவே 1964க்கும் 1972க்கும் இடைப்பட்டது என்று கொள்கிறேன்.

நான் எதிர்பாராதது ஒன்று: துணி எந்த இழையால் ஆனது என்று கூறும் இழைவிவரச் சீட்டு இருந்தால் 1960க்குப் பிந்தையது என்ற விதி கம்பளிக்குப் பொருந்தாது. கம்பளி ஆடைகளுக்கு அச்சீட்டு 1941 முதலே கட்டாயம்.