பொருள்: கிராஸ் என்ரோல்மென்ட் ரேஷியோ – திங்கட்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

காட்பாடி, கணித ஆசிரியை:

அனைவருக்கும் வணக்கம். பதினோராம் வகுப்புக்குப் புள்ளியியல் பயிற்சித்தாள் ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். திங்களன்று அச்சுக்குப் போகிறது. ஆப்பிரிக்காவின் லெசோத்தோ நாட்டில் பையன்களின் செகண்டரி கிராஸ் என்ரோல்மென்ட் ரேஷியோ (பள்ளியில் பெயர் உள்ள எல்லா வயதினரும், உரிய வயதினர் நூறு பேருக்கு எத்தனை பேர் என்ற கணக்கு) ஆண்டுவாரியாக எப்படி மாறியது என்று ஒரு கோட்டுப்படம், கீழே சில கேள்விகள். ‘மொத்தச் சேர்க்கை விகிதம்’ என்று போட்டு வகுப்பில் படித்துக் காட்டினேன். “மிஸ், இந்த வருசம் புதுசா சேர்ந்தவங்க மட்டுமா, எல்லாருமா?” என்றாள் ஒருத்தி. “சில நாட்டுல நூத்துக்கு மேல போகும்னு போட்டிருக்கே, அது எப்படி?” என்றான் இன்னொருவன். வாயால் விளக்கிவிட்டேன். தாளில் நான் கூடவே போக முடியாதே.

ஆம்பூர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்:

அந்தப் பெண் சரியாகத்தான் கேட்டிருக்கிறாள். நம் பக்கம் சேர்க்கை என்றால் ஜூன் மாதம், பள்ளி வாசலில் பேனர். என்ரோல்மென்ட் அதுவல்ல. ஒரு குறிப்பிட்ட நாளில் பதிவேட்டில் பெயர் நிற்கிறவர்களின் தொகை. பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் ஷூ கம்பெனிக்குப் போய்விடுகிறான், டீசி வாங்கவில்லை. தினமும் ஆப்சென்ட் விழும், பெயர் மட்டும் நிற்கும். அவனும் என்ரோல்மென்டில் உண்டு. ஆகவே ‘பயில்வோர் விகிதம்’ என்று யாரும் கிளம்ப வேண்டாம். என் பரிந்துரை ‘மொத்தப் பதிவு விகிதம்’.

நூறு தாண்டுவது வயதால் வருவது. ஊரில் உரிய வயதுப் பையன்கள் 80 பேர். பதிவேட்டில் 84 பேர். பெயில் ஆனவன், தாமதமாகச் சேர்ந்தவன் எல்லாம் அதில் சேர்த்தி. 84ஐ 80ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் 105. அந்த 84இல் உரிய வயதினர் 68 பேர்தான் என்றால், அவர்களை மட்டும் எடுத்து அதே கணக்குப் போட்டால் 85, அது நிகரம், அதாவது நெட். இதைத் தாளிலேயே போட்டுவிடுங்கள் அம்மா, பாதித் தகராறு தீரும்.

வாலாஜா, புலவர்:

தலைமையாசிரியர் கணக்கு நன்று. ஆனால் விகிதம் வடசொல். விழுக்காடு இருக்க அது எதற்கு? சாக்காடு, வேக்காடு, நோக்காடு போல விழுக்காடும் காடு என்னும் தொழிற்பெயர் விகுதி பெற்றது. பங்காக விழுவது விழுக்காடு. இந்தக் காட்டை மரக்காடு என்று குழப்பிக்கொள்பவர்கள்தான் நம் ஆர்க்காட்டை ‘ஆறு காடு’ ஆக்கி, றகரம் போட்டு எழுதுகிறார்கள். ஆர் என்பது ஆத்தி. சங்கப் பாட்டிலேயே அழிசி என்னும் தலைவனின் ஊராக ஆர்க்காடு வருகிறது.

குடியாத்தம், பட்டதாரி ஆசிரியர்:

ஐயா, அங்கே காடு மரக்காடுதானே? ஆத்திக் காடு. உங்கள் விகுதி ஊர்ப்பெயரில் எங்கே வந்தது? தவிர, அழிசியின் ஆர்க்காடு சோழநாட்டு ஊர் என்பாரும் உண்டு. டீச்சருக்குத் திங்கட்கிழமை கெடு. நாம் பாலாற்றங்கரையில் ஆத்தி மரம் தேடிக்கொண்டிருக்கிறோம்.

சொல்லுக்கு வருகிறேன். பங்காக விழுவது விழுக்காடு என்றீர்கள். பங்கு முழுமைக்குள் அடங்க வேண்டும். 84 பேர் 80 பேருக்குள் அடங்கவில்லை. அதனால்தான் கிராஸுக்கு ரேஷியோ, நெட்டுக்கு ரேட் என்று யுனெஸ்கோவே பிரித்துச் சொல்கிறது. முன்னதற்கு விகிதம், பின்னதற்கு வீதம் என்று வைக்கலாம்.

வாலாஜா, புலவர்:

விலை 120 விழுக்காடு ஏறியது என்று நாளிதழில் எழுதவில்லையா? அங்கே எந்த முழுமைக்குள் அடங்கியது?

சத்துவாச்சாரி, மொழிபெயர்ப்பாளர்:

நான் இலங்கையில் படித்தவள். அங்கே நெட் என்பதற்குத் ‘தேறிய’ என்பார்கள், தேறிய இலாபம் என்பது போல. கழித்தது போக மிஞ்சியது, அழகான சொல். ஆனால் இங்கே ‘தேறிய மாணவர்’ என்றால் பாஸானவர் என்றல்லவா படிப்பார்கள்? எனவே வற்புறுத்தவில்லை, நிகரமே இருக்கட்டும். நிகரப் பதிவு, மொத்தப் பதிவு என்று ஒற்று மிகும், மகர ஈறு கெட்டு வல்லினம் வருவதால். அச்சகத்தார் விட்டுவிடுவார்கள், பார்த்துக்கொள்ளுங்கள்.

என் கவலை வேறு. செகண்டரிக்கு என்ன போடுகிறீர்கள்?

காட்பாடி, கணித ஆசிரியை:

உயர்நிலை என்று போட்டிருந்தேன்.

ஆம்பூர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்:

பொருந்தாது அம்மா. லெசோத்தோவில் தொடக்கப் பள்ளி 7 ஆண்டு, செகண்டரி 5 ஆண்டு. நம் கணக்கில் எட்டு முதல் பன்னிரண்டு வரை. நடுநிலையின் வாலும் உயர்நிலை முழுதும் மேல்நிலை முழுதும் அதில் அடங்கும். ‘இடைநிலை’ என்றால் பொருந்தும். ஆனால் நம் இடைநிலை ஆசிரியர் ஒன்று முதல் ஐந்து வரை எடுப்பவர்! எஸ்.எஸ்.எல்.சி. முடித்துப் பயிற்சி பெற்றவர் என்று ஆசிரியரின் படிப்பைக் குறிக்க வந்த பெயர், எடுக்கிற வகுப்பைக் குறிக்க அல்ல. ஆனாலும் இடைநிலையே போடுங்கள், அடியில் வயது 13–17 என்று எழுதிவிடுங்கள்.

கோட்டுப்படத்தில் 2000ஐ ஒட்டி ஏற்றம் தேடினால் பிள்ளைகள் ஏமாறுவார்கள். இலவசத் தொடக்கக் கல்வி அந்த ஆண்டு முதல் வகுப்பில் மட்டும்தான் தொடங்கியது. ஆண்டுக்கு ஒரு வகுப்பாக ஏறி 2006இல்தான் ஏழாம் வகுப்பைத் தொட்டது. அதன் விளைவு இடைநிலையில் தெரிய அதற்குப் பிறகுதான் பார்க்க வேண்டும்.

குடியாத்தம், பட்டதாரி ஆசிரியர்:

அந்த நாட்டில் பையன்கள் கோடு பெண்கள் கோட்டுக்குக் கீழே ஓடுகிறது என்பதையும் ஒரு கேள்வியாக்குங்கள். ஆடுமாடு மேய்க்கப் பையன்களை அனுப்பிவிடுவதும், தென்னாப்பிரிக்கச் சுரங்க வேலைக்கு ஆண்கள் போன வழக்கமும் காரணங்கள். ஜவ்வாது மலைப் பிள்ளைகளுக்கு மேய்ச்சலை விளக்கவே வேண்டாம்.

தலைப்பில் ‘மாணவர்’ என்று மட்டும் போடாதீர்கள். நம் அரசு அட்டவணையில் மாணவர், மாணவியர் என்றால் முன்னது ஆண். பாட்டிலும் பேச்சிலும் மாணவர் இருபாலும்.

வாலாஜா, புலவர்:

‘ஆண் மாணவர்’ என்பதும் இடிக்கிறது. மாணவன் இருக்கிறானே.

காட்பாடி, கணித ஆசிரியை:

ஒருமையில் விகிதம் எப்படி ஐயா? நேரமாகிவிட்டது. ‘இடைநிலைப் பள்ளி மொத்தப் பதிவு விகிதம் – ஆண்கள்’ என்று அனுப்புகிறேன். அடியில் 84, 80 கணக்கும் வயதும் இருக்கும். மூவர் சம்மதம், புலவர் ஐயா விழுக்காட்டில் நிற்கிறார் என்று எடுத்துக்கொள்கிறேன். எல்லோருக்கும் நன்றி.

குடியாத்தம், பட்டதாரி ஆசிரியர்:

என்னைச் சம்மதத்தில் எண்ணாதீர்கள் டீச்சர். விகிதத்துக்குத்தான் கை தூக்கினேன், பதிவுக்கு அல்ல. பதிவு என்றால் எங்கள் ஊரில் பத்திரப் பதிவு, ஃபேஸ்புக் பதிவு. செய்தித்தாளிலும் அரசு அறிக்கையிலும் சேர்க்கை விகிதம் என்றுதான் வருகிறது. நாளை போட்டித் தேர்வுக்குப் போகிற பிள்ளை அங்கே சேர்க்கையைப் பார்த்து இது வேறு ஏதோ என்று நினைத்தால் யார் பொறுப்பு? ‘அல்லது சேர்க்கை’ என்று ஒரு வார்த்தையாவது பக்கத்தில் சேருங்கள்.