வேலைநிறுத்த நாளில் வண்டி வாசலுக்கு வந்தபோது

ஓய்வுபெற்ற விமானி, சென்னை

அதிகாலை 3.40. ஊழியர்களை ஏற்றிச் செல்லும் வண்டி வாசலில் வந்து நின்றது. ஓட்டுநர் அன்றைக்கு ஹாரன் அடிக்கவில்லை. நான் சீருடைக்கு மேல் ஒரு கட்டம்போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு, தொப்பியைப் பைக்குள் திணித்துக்கொண்டு, செருப்புச் சத்தம்கூடக் கேட்காமல் படியிறங்கினேன். வேலைக்குப் போகிறவன் களவுக்குப் போகிறவனைப் போலப் போனேன்.

அப்போது நான் துணை விமானி. சேர்ந்து இரண்டாம் ஆண்டு. எங்கள் உலகில் வேலைநிறுத்தம் என்ற சொல்லை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. விமானப் போக்குவரத்து பொதுப் பயன்பாட்டுச் சேவை என்பதால், அன்றைக்கு இருந்த 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டப்படி 14 நாள் முன்னறிவிப்பு தர வேண்டியிருந்தது. தந்தால் சமரசப் பேச்சு தொடங்கும். அது முடியும்வரை வேலையை நிறுத்தக் கூடாது என்றிருந்தது. ஆகவே ஒரே இரவில் நூற்றுக்கணக்கானவர்களுக்கு உடம்பு சரியில்லாமல் போய்விடும். எனக்கும் போயிருக்க வேண்டும்.

விமான நிலைய வாசலில் மூத்தவர்கள் ஆறேழு பேர் சாதாரண உடையில் நின்றிருந்தார்கள். கோஷம் இல்லை, கொடி இல்லை. நான் அதிகம் பறந்தது யாருடனோ, எனக்குக் குறுக்குக் காற்றில் தரையிறக்கக் கற்றுக்கொடுத்தது யாரோ, அவர் முன்னால் வந்து கண்ணாடிக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். "குட் மார்னிங், கேப்டன்" என்றார். அதுவரை யாரும் என்னைக் கேப்டன் என்று அழைத்ததில்லை.

ஏன் போனேன்? உரிமம் பெற 200 மணி நேரம் பறந்தாக வேண்டும். அந்த 200 மணி நேரத்துக்கு அப்பாவின் சேமநல நிதி முழுவதும் போயிற்று, போதாமல் வீட்டுப் பத்திரமும் வங்கிக்குப் போயிற்று. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. வராதவர்கள் இனி வர வேண்டியதில்லை என்று முந்தின நாள் சுற்றறிக்கை. இதெல்லாம் காரணம்தான். ஆனால் வாசலில் நின்றவர்களில் இரண்டு பேருக்கு என்னைவிடக் கடன் அதிகம் என்பதும் எனக்குத் தெரியும்.

அப்பா வங்கி ஊழியர் சங்கத்துக்காரர். அவருடைய கிளையில் ஒருவர் என்றைக்கோ ஒரு வேலைநிறுத்தத்தன்று உள்ளே போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டார். அந்த மனிதரின் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. 'கருங்காலி வீட்டுக் கல்யாணம்', 'கருங்காலியின் மூத்த பையன்' என்றுதான் எங்கள் வீட்டில் பேச்சு. அன்று மாலை நான் திரும்பியபோது அப்பா செய்தித்தாளிலிருந்து தலையை எடுக்கவில்லை.

"விமானம் போனதா?"

"போனது, அப்பா."

"ஆட்கள் இருந்தார்களா?"

"நிறைய."

"போய்ச் சாப்பிடு."

அதற்குப் பிறகு அந்தச் சொல்லை எங்கள் வீட்டில் நான் கேட்கவே இல்லை. சொல்லியிருந்தால் தேவலை என்று பலமுறை நினைத்திருக்கிறேன்.

மற்றத் தொழிலில் பேச்சு முறிந்தால் வேறு மேசைக்குப் போய்விடலாம். எங்களுக்கு அடுத்த இருக்கை ஒன்றுதான். கதவைத் திறந்துவிட்ட அதே கேப்டனுடன் ஆறு ஆண்டுகள் பறந்தேன். 'கியர் அப்', 'ஃபிளாப்ஸ்' என்று சொல்ல வேண்டிய எதையும் அவர் விட்டதில்லை, நான் சொன்னதற்குப் பதில் தராமலும் இருந்ததில்லை. தொழிலில் அவ்வளவு நேர்மை. சொல்ல வேண்டியதற்கு மேல் ஒரு சொல் கிடையாது. இரண்டு விமானிகளும் ஒரே உணவைச் சாப்பிடுவதில்லை என்பது வழக்கம். கெட்டுப்போயிருந்தால் ஒருவராவது மிஞ்ச வேண்டுமே. முன்பெல்லாம் "உனக்கு எது வேண்டும், தம்பி?" என்று கேட்பார். பிறகு பணிப்பெண்ணிடம், "அவருக்கு எது வேண்டும் என்று கேட்டுச் சொல்லுங்கள்" என்பார். நான் கையெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருப்பேன்.

உங்களில் யாருக்காவது இப்படி நேர்ந்திருக்கிறதா?

விமானி ஒருவரின் மகள், திருச்சி

ஐயா, நீங்கள் போனவர். என் அப்பா போகாதவர். எங்கள் வீட்டில் அது வேறு விதமான கூத்து.

உடம்பு சரியில்லை என்று சொன்னவர்களின் வீட்டுக்கு நிறுவனமே மருத்துவரை அனுப்பிவைத்தது. அழைப்பு மணி அடித்ததும் அம்மா அப்பாவைக் கட்டிலில் தள்ளி, மே மாத வெயிலில் கம்பளியைப் போர்த்தி, நெற்றியில் பற்றும் போட்டுவிட்டார். எனக்குப் பன்னிரண்டு வயது. சிரிப்பை அடக்க முடியாமல் குளியலறைக்குள் ஓடிவிட்டேன்.

மருத்துவர் ரத்த அழுத்தம் பார்த்தார். இன்னொரு முறை பார்த்தார். பிறகு அம்மாவைத் தனியே அழைத்து, "உண்மையிலேயே அதிகமாக இருக்கிறது" என்றார். நான்கு இரவுகளாக அப்பா தூங்கியிருக்கவில்லை. வீட்டில் சிரிப்பு அத்தோடு நின்றது. அதை மருத்துவர் எழுதிவிட்டால், அப்பா விமானம் ஓட்டத் தேவையான மருத்துவச் சான்றுக்கே ஆபத்து. பொய்யாக நோயாளி என்று சொன்னவர், மெய்யான நோய் வெளியே தெரிந்துவிடக் கூடாதே என்று அந்த முன்பின் தெரியாத மருத்துவரிடம் கெஞ்சியதை நான் கதவிடுக்கில் பார்த்தேன். அப்பா யாரிடமும் கெஞ்சி நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

நீங்கள் எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, "எந்த ஊருக்கு எடுத்துக்கொண்டு போனார் என்று கேள்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

பராமரிப்புப் பொறியாளர், பெங்களூரு

தனி ஆளைக் கருங்காலி என்பது எளிது. 2012-இல் ஏர் இந்தியாவில் என்ன நடந்தது? 2007-இல் இந்தியன் ஏர்லைன்ஸும் ஏர் இந்தியாவும் இணைந்தன. இரண்டு பக்க விமானிகளும் சட்டைதான் மாற்றிக்கொண்டார்கள், சங்கங்கள் இரண்டாகவே இருந்தன. புது போயிங் 787-இல் யாருக்குப் பயிற்சி என்பதில் மோதல் வெடித்து, பழைய ஏர் இந்தியா விமானிகள் 58 நாள் வேலைக்கு வரவில்லை. நூறு பேர்வரை நீக்கப்பட்டார்கள். பழைய இந்தியன் ஏர்லைன்ஸ் விமானிகளோ பறந்துகொண்டுதான் இருந்தார்கள். அவர்கள் மறியல் கோட்டைத் தாண்டி உள்ளே போனவர்களா? அந்தக் கோடே தங்களுக்கு எதிராகப் போடப்பட்டது என்பார்கள். சார் தன்னை இத்தனை காலம் வருத்திக்கொள்ள வேண்டியதில்லை என்றே நினைக்கிறேன்.

மென்பொருள் பணியாளர், டெக்ஸாஸ்

அண்ணன் சொல்வது பாதி சரி. இங்கே என் பக்கத்து வீட்டுக்காரர் ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸின் முன்னாள் விமானி. 1989 மார்ச் 4 அன்று அங்கே வேலைநிறுத்தம் செய்தவர்கள் விமானிகள் அல்லர், இயந்திரப் பணியாளர்கள். அவர்களுடைய மறியல் கோட்டைத் தாண்ட மாட்டோம் என்று விமானிகளில் பெரும்பாலோர் வெளியே நின்றார்கள். முதலாளி ஃபிராங்க் லொரென்ஸோ ஏற்கெனவே 1983-இல் காண்டினென்டல் விமான நிறுவனத்தைத் திவால் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோய் விமானிகளின் சம்பளத்தை ஏறக்குறையப் பாதியாக்கியவர். அடுத்தது தாங்கள்தான் என்று இவர்களுக்குத் தெரிந்திருந்தது. எட்டு மாதங்களுக்கும் மேல் தாக்குப்பிடித்தார்கள். நவம்பரில் விமானிகள் சங்கம் கைவிட்டது. 1991 ஜனவரியில் நிறுவனமே மூடப்பட்டது. தாண்டியவருக்கும் வேலை போயிற்று, தாண்டாதவருக்கும் போயிற்று.

பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு அதைவிடப் பெருமை, தான் வேலை பார்க்காத யுனைடெட் விமான நிறுவனத்தின் கதையில்தான். 1985-இல் அங்கே 29 நாள் வேலைநிறுத்தம். புதிதாகப் பயிற்சி முடித்த சுமார் 570 பேரை வைத்துச் சமாளிக்கலாம் என்று நிறுவனம் நம்பியிருந்தது. ஒரு நாள்கூடச் சம்பளத்துக்குப் பறந்திராத பிள்ளைகள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் உள்ளே போகவில்லை. வேலை தர நிறுவனம் மறுத்தது, வழக்கு நடத்தித்தான் உள்ளே வந்தார்கள். இதைச் சொல்லும்போது அவர் குரல் மாறிவிடும்.

தாண்டியவர்களின் பெயர்ப் பட்டியல் ஒன்று அந்தக் காலத்து விமானிகள் பலரிடம் இருந்தது. அடுத்த நிறுவனத்து விமானியை விமானி அறையின் கூடுதல் இருக்கையில் இலவசமாக ஏற்றிச் செல்வது இங்கே மரபு. ஏற்றுவதும் ஏற்றாததும் கேப்டனின் விருப்பம். பட்டியலில் உள்ளவர் வந்து நின்றால் கதவு திறக்காது. இருபது ஆண்டு கழித்தும் திறக்காது. உங்கள் கேப்டனாவது கதவைத் திறந்துவிட்டார், ஐயா. குத்தலாகத்தான் என்றாலும்.

மஸ்கட்டில் வேலை பார்த்தவர், இராமநாதபுரம்

எல்லோரும் விமானிகளைப் பற்றியே பேசுகிறீர்கள். அம்மா தவறிய செய்தி வந்து நான் மஸ்கட் விமான நிலையத்தில் இரண்டு இரவு தரையில் படுத்திருந்தேன். யார் வருவார், யார் வரமாட்டார் என்று கவுன்டரில் இருந்த பையனுக்கும் தெரியவில்லை. மூன்றாம் நாள் ஒரு விமானி வந்தார். கூட்டத்தில் யாரும் கைதட்டவில்லை, அவரும் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. நான் ஊர் போய்ச் சேர்ந்தபோது காடாற்றி முடித்திருந்தார்கள். வராத விமானிகள்மீது இன்றைக்கும் எனக்குக் கோபம் உண்டு. எங்கள் ஒப்பந்தக்காரர் நான்கு மாதம் சம்பளம் தராதபோது நாங்கள் நாற்பது பேர் வேலைக்குப் போகாமல் அறையில் உட்கார்ந்திருந்தோம். அன்றைக்கு இரண்டு பேர் மட்டும் போனார்கள். அவர்கள்மீதும் கோபம் உண்டு.

ஓய்வுபெற்ற விமானி, சென்னை

இராமநாதபுரத்துத் தம்பிக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. பொறியாளர் தம்பிக்கு நன்றி. ஆனால் எங்கள் நிறுவனத்தில் அன்றைக்கு ஒரே சங்கம்தான், நான் சந்தா கட்டிய சங்கம்.

திருச்சி அம்மா, உங்கள் அப்பாவிடம் சொல்லுங்கள்: சென்னையிலிருந்து மதுரை, காலை முதல் விமானம். போகும்போது இருக்கைகள் நிறைந்திருந்தன. திரும்பும்போது பதினொரு பேர்.