ஸ்மார்ட் பிளக்: ‘ஏவற்செருகி’யைத் திரும்பப் பெறுகிறேன்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

கைப்பேசியிலிருந்து வரும் கட்டளைப்படி மின்சாரத்தை விட்டு நிறுத்தும் ஸ்மார்ட் பிளக்குக்குத் தமிழ்ச் சொல்லாக நான் சென்ற வாரம் முன்வைத்த ‘ஏவற்செருகி’யை இம்மடலின் வழி திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். இலக்கணத்தில் அதற்குக் குறையில்லை. ஏவல் வினையைப் பள்ளியில் படித்த எவருக்கும் ‘சொன்னதைச் செய்யும் கருவி’ என்பது எளிதில் விளங்கிவிடும் என்றே நம்பியிருந்தேன். ஆனால் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் என் வீட்டுப் பணியறையில் அதைப் பொருத்திவிட்டு, “இதுக்குப் பேரு ஏவல் செருகிம்மா” என்று சொன்னபோது, அம்மா எரிகிற மேசை விளக்கையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “பில்லி, சூனியம், ஏவல்னு சொல்லுவாங்களே, அந்த ஏவலா?” என்று கேட்டார். ஆளில்லாத அறையில் இரவு ஏழு மணிக்குத் தானாக எரியத் தொடங்கும் விளக்குக்கு அப்பெயர் அளவுக்கு மீறிப் பொருந்திவிட்டதுதான் சிக்கல்.

இனி, நண்பர்கள் முன்மொழிந்த மற்றச் சொற்களுக்கு வருகிறேன். நம் நாட்டுச் செய்திகளில் ஸ்மார்ட்போனுக்கு ‘விவேகக் கைப்பேசி’ பழகிவிட்டதால் ‘விவேகச் செருகி’ என்றே வைத்துக்கொள்ளலாம் என்பது ஒரு கருத்து. மலாய்மொழியில் ‘ஸ்மார்ட்’ என்பதற்குப் பள்ளிக்கு ‘பெஸ்தாரி’ என்றும் கைப்பேசிக்கு ‘பிந்தார்’ என்றும் இரு வேறு சொற்கள் வழங்குவதை இங்கே கருதவேண்டும். 1990-களின் பிற்பகுதியில் வந்த பெஸ்தாரி பள்ளித் திட்டத்தை நாம் ‘விவேகப் பள்ளி’ என்றோம்; பிள்ளைகள் கற்று விவேகம் பெறும் இடம் என்ற அளவில் அது சரியே. பிறகு வந்த பிந்தாருக்கும் அதே விவேகத்தை நீட்டியதில்தான் பிசகினோம். நல்லது கெட்டதை ஆராய்ந்து நடப்பதே விவேகம். அதைச் சுவரில் செருகும் ஒரு பெட்டிக்குக் கொடுப்பது எனக்கு ஒப்பவில்லை.

தமிழகத்து அன்பர்கள் ‘திறன்பேசி’யைக் காட்டி, ‘திறன் செருகி’ என்கிறார்கள். அங்குள்ள இயற்பியல் பாடநூல்களில் வாட் அலகால் அளக்கப்படுவதற்குப் பெயரே திறன்தானே! நம் நாட்டு மூன்று முனைப் பிளக் 13 ஆம்பியர் வரை தாங்கும். 230 வோல்ட்டில் அது ஏறத்தாழ 3,000 வாட். அப்படியானால் ‘திறன் செருகியின் திறன் 3,000 வாட்’ என்று பெட்டியின் மேல் அச்சிட வேண்டிவரும். கைப்பேசியில் தோன்றாத இக்குழப்பம் மின்கருவியில் கட்டாயம் தோன்றும். ‘ஸ்மார்ட் சிட்டி’க்கு அங்கு வழங்கும் ‘சீர்மிகு’ நகரங்களோடு இருக்கட்டும்.

இக்கருவி உண்மையில் என்ன செய்கிறது என்பதை நான் பட்டே அறிந்தேன். எங்கள் ஊரில் பிற்பகலில் இடி முழங்கத் தொடங்கினால் வீட்டிலுள்ளவர்கள் முதலில் ஓடிப்போய் மோடத்தின் பிளக்கைப் பிடுங்குவார்கள். அந்த ஓட்டத்தைத் தவிர்க்க நினைத்து, மோடத்தையே ஸ்மார்ட் பிளக்கில் மாட்டிவிட்டு ஈப்போவுக்குப் போயிருந்தேன். வானம் கறுத்ததும் அங்கிருந்தபடியே கைப்பேசியில் அதை அணைத்தேன். மழை விட்ட பின் திரும்ப முடுக்க முயன்றபோதுதான் என் மடமை எனக்கு உறைத்தது: கட்டளையைக் கொண்டுசேர்க்கும் வைஃபையே அந்த மோடத்திலிருந்துதான் வருகிறது, மோடம் அணைந்தால் பிளக்குக்குக் காது கேட்காது. மாலை வீடு திரும்பி, அதன் பக்கத்திலுள்ள சிறு பொத்தானைக் கையால் அழுத்தினேன். (அணைத்ததால் மின்னலிலிருந்து தப்பினோம் என்றும் சொல்ல முடியாது. உள்ளே இருக்கும் ரிலே என்ற சிறு சுவிட்சு இணைப்பைத் துண்டிப்பது மிகச் சிறிய இடைவெளியில்தான். மின்னல் அதை எளிதில் தாண்டிவிடும். அம்மா பிடுங்குவதே பாதுகாப்பு.)

விவேகமுள்ள எதுவும் தன் காதைத் தானே அடைத்துக்கொள்ளச் சம்மதிக்காது. இக்கருவி வானலை வழியே வரும் கட்டளையைக் கேட்டு மின்சாரத்தை விடும், நிறுத்தும், அவ்வளவே. அதிலும் முதல் நாள், மோடத்தின் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் சேர மறுத்து, 2.4-க்கு மாற்றிய பிறகே அது இணங்கியது. ஆகவே அதன் உயிர் அலையில் இருக்கிறது என்று கொண்டு, ‘அலைச்செருகி’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். அலைபேசி என்ற சொல் முன்பே இருப்பதால் வழியும் புதிதன்று; அலைவிளக்கு, அலைப்பூட்டு என்று நீட்டவும் இயலும்.

எங்கள் பக்கத்து மக்கள் பொருளுக்குப் பெயர் வைத்த முறையும் இதுவே. பால் தரும் ரப்பர் மரம் பால்மரம். வேலைக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை ஆயாவிடம் விட்டுச்சென்ற இடம் ஆயாக்கொட்டகை. சிவந்த குலை தள்ளும் பனை செம்பனை. விற்பவன் பொருளைப் புகழ்வதற்குச் சொன்ன அடைமொழியை இப்பெயர்கள் எதிலும் காணமுடியாது. ‘ஸ்மார்ட்’ அத்தகைய அடைமொழி என்பதே என் எண்ணம்.

ஆயினும் ஆள் நுழைவதை உணர்ந்து விளக்கை ஏற்றியும், அறை வெப்பத்தைப் பார்த்துக் குளிரூட்டியைத் தணித்தும் இயங்கும் ஏற்பாட்டுக்கு ‘அலை’ போதாது. அதற்கு யாழ்ப்பாண அன்பர் தந்த ‘சூட்டிகை’யை ஏற்கிறேன். ஒரு முறை சொன்னால் பிடித்துக்கொள்ளும் பிள்ளையைச் சூட்டிகை என்று என் பாட்டி சொல்லிக் கேட்டிருக்கிறேன். குறிப்பறிந்து செய்வதற்கு அச்சொல் பொருந்தும். எனவே தனிக்கருவி அலைச்செருகி, உணரிகளோடு கூடிய முழு அறை சூட்டிகைப் பணியறை என்று இரண்டையும் பிரித்தே பட்டியலில் சேர்க்கக் கேட்டுக்கொள்கிறேன். மின்விசிறியின் ரிமோட்டும் அகச்சிவப்பு அலையால்தானே இயங்குகிறது என்று யாரேனும் மறுக்கலாம். மறுப்பு நியாயமே, ஆனால் விசிறியை எவரும் அலைவிசிறி என்று அழைக்கப்போவதில்லை.

கடைசியாக, எல்லாக் கருவிகளையும் ஒருங்கே மேய்க்கும் ‘ஹப்’புக்கு, தோட்டத் தொழிலாளர்களை மேற்பார்த்தவரின் பெயரால் ‘கங்காணி’ என்று ஓர் அன்பர் விளையாட்டாக எழுதியிருந்தார். பொருத்தம் கச்சிதம்: யார் வந்திருக்கிறார், யார் வரவில்லை என்று பெயர் கூப்பிட்டு, ஒவ்வொருவரையும் வேலைக்கு அனுப்புகிறது. ஆனால் விடியுமுன் தொழிலாளர்கள் கூடிப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்களத்தில் நின்று அந்தக் குரலுக்குப் பதில் சொன்னவர்கள் இவ்வூரில் இன்னும் இருக்கிறார்கள். என் அம்மாவும் அவர்களில் ஒருவர். அவரிடம் இச்சொல்லைச் சொல்லிப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. ‘நடுவம்’ என்பதற்கே என் வாக்கு.