புதுப்பிப்பு: போன புள்ளிகளில் நாலு திரும்பி வந்துவிட்டது

பிரான்ஸின் தீவான ரெயூனியோனில், போக்குவரத்துக் குற்றங்களுக்குப் புள்ளி குறைக்கும் ஓட்டுநர் உரிமத்தில் 12 புள்ளியிலிருந்து 5-க்கு வந்துவிட்டேன், என்ன செய்யலாம் என்று போன மாதம் கேட்டிருந்தேன். ஓட்டும்போது கையில் போன் பிடித்ததற்கு 3 போனது, சிவப்பு விளக்கைத் தாண்டியதற்கு 4. இரண்டும் என் தப்புதான்.

பலரும் சொன்னபடி, புள்ளிகளை மீட்பதற்கான இரண்டு நாள் பயிற்சிக்குத் தலைநகர் சேன் தெனி போய் வந்தேன். மொத்தம் 14 மணி நேரம், தேர்வு எதுவும் இல்லை. நடத்தியவர்கள் சாலைப் பாதுகாப்புப் பயிற்சியாளர் ஒருவர், உளவியலாளர் ஒருவர். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கரும்பு லாரிக்காரர் முதல் நாள் முழுக்கக் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார். மறுநாள் தன் விபத்தைச் சொல்ல ஆரம்பித்ததும் அறையில் நாற்காலி நகரும் சத்தம்கூட இல்லை.

முடித்த மறுநாளிலிருந்தே 4 புள்ளி கணக்கில் சேரும். இப்போது 9. ஆனால் அடுத்த பயிற்சியில் புள்ளி கிடைக்க ஒரு வருஷம் ஆக வேண்டும்.

"சும்மா இருந்தாலே வந்துவிடும்" என்றவர்களுக்கு: ஒரே ஒரு புள்ளி போயிருந்தால் சரி, ஆறு மாதம் வேறு குற்றம் இல்லையென்றால் திரும்பும். என் மாதிரி குற்றங்களுக்கு மூன்று வருஷம் சுத்தமாக ஓட்ட வேண்டும். வண்டி ஓட்டித்தான் சோறு என்பவனுக்கு அது கட்டுப்படியாகாது.

ரொம்ப முக்கியம்: புள்ளி பூஜ்யமாகி, உரிமம் ரத்து என்ற பதிவுத் தபாலைக் கையில் வாங்கிய பிறகு பயிற்சிக்குப் போய்ப் பயனில்லை. தாமதிக்காதீர்கள். என் போன் இப்போது டிக்கியில்தான் பயணம் செய்கிறது.