பைக் பந்தயத்தில் பானிங்: மலைப்பாதையில் பழகியவர்கள் சொல்லுங்கள்

குன்னூரிலிருந்து:

ஓடும் வண்டியோடு கேமராவையும் திருப்பி, வண்டி தெளிவாகவும் பின்னணி கோடுகளாக இழுபட்டும் வரும்படி எடுப்பதுதான் பானிங். அதைப் பழகத் தொடங்குபவர்கள் முதலில் கேட்பது ஷட்டர் வேகம், அதாவது ஷட்டர் திறந்திருக்கும் நேரம், எவ்வளவு என்றுதான். எங்கே நின்று எடுக்கிறீர்கள் என்று நான் திருப்பிக் கேட்பேன். கோவை செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வேக்குப் பந்தயம் பார்க்கப் போகும்போதெல்லாம் இந்த எண்ணம் எனக்கு வலுத்தே வந்திருக்கிறது. ஆனால் நான் பழகிய இடம் எங்கள் ஊர் மலைப்பாதை. அன்றாட வேகத்தில் போகும் பைக்குகளே போதுமான பாடம்.

நேரான சாலையை எடுத்துக்கொள்ளுங்கள். 60 கி.மீ. வேகத்தில் வரும் பைக் நொடிக்கு ஏறத்தாழ 17 மீட்டர் கடக்கிறது. சாலையிலிருந்து 10 மீட்டர் தள்ளி நிற்பவர், அது தமக்கு நேரெதிரே வரும் கணத்தில் கேமராவை நொடிக்குச் சுமார் 95 டிகிரி வேகத்தில் திருப்ப வேண்டும். 20 மீட்டருக்குப் பின்வாங்கினால் அது பாதியாகக் குறையும். தொல்லை என்னவென்றால், இந்தத் திருப்பம் சீராக இருப்பதில்லை. தூரத்தில் மெல்லத் தொடங்கி, எதிரே வரும்போது உச்சத்துக்கு ஏறி, உடனே தணிகிறது. பைக் இன்னும் சாய்வாக வரும்போதே அழுத்திவிட்டால், முன்சக்கரமும் பின்சக்கரமும் நம் கண்ணுக்கு வெவ்வேறு வேகத்தில் நகர்கின்றன. ஹெல்மெட் தெளிவாக இருந்தாலும் வால் பகுதி இழுபட்டுப்போகும்.

கொண்டை ஊசி வளைவின் உட்புறத்தில் இந்தத் தொல்லை பெருமளவு தீர்ந்துவிடுகிறது. வளைவை ஒரு வட்டத்தின் துண்டாகப் பார்த்து, அதன் மையத்துக்கு அருகில் நில்லுங்கள். பைக் நம்மைச் சுற்றி வருகிறது. இடைவெளி மாறுவதில்லை, பக்கவாட்டுத் தோற்றமும் மாறுவதில்லை. 12 மீட்டர் தூரத்தில் 30 கி.மீ. வேகத்தில் திரும்பும் பைக்குக்கு நொடிக்கு 40 டிகிரி போதும், அதுவும் ஒரே சீராக. இடுப்பு அந்தத் தாளத்தைச் சட்டென்று பிடித்துக்கொள்ளும். ஓட்டுபவர் நம் பக்கமாகச் சாய்வதால் தோளும் முழங்காலும் அழகாக விழும். பந்தயத் தளத்திலும் நான் முதலில் தேடுவது இத்தகைய இடத்தைத்தான்.

கால்கள் எந்தத் திசையைப் பார்க்க வேண்டும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. படம் எடுக்கப்போகும் இடத்தை நோக்கிப் பாதங்களை ஊன்றி, உடலை மட்டும் பைக் வரும் பக்கம் முறுக்கிக்கொள்ள வேண்டும். முறுக்கு அவிழ அவிழ அசைவு இலகுவாகி, அழுத்தும் கணத்தில் உடல் இயல்பு நிலைக்கு வந்துவிடும். ஃபோகஸ் புள்ளியை ஹெல்மெட்டிலேயே வையுங்கள். ஷட்டர் மூடிய பிறகும் உடல் சுழன்றுகொண்டே இருக்க வேண்டும். விரலோடு சேர்ந்து இடுப்பும் நின்றுவிடுவதால் கெடும் படங்கள் ஏராளம்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். மலைப்பாதையில் உட்புறத்தில் நிற்பதென்றால் தடுப்புச்சுவருக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும். பஸ்களுக்கு வளைவின் முழு அகலமும் தேவைப்படும். பொதுச்சாலையில் பந்தயம் விடும் இளைஞர்களை நான் படம் எடுப்பதில்லை. கேமராவைக் கண்டதும் அவர்கள் இன்னும் முறுக்குவார்கள். எதிரே ஏறிவருகிறவர் யாருடைய பிள்ளையோ.

கொடைக்கானலிலிருந்து:

எனக்கு ஏரிச்சாலைதான் பள்ளிக்கூடம். வாடகை சைக்கிள்களில் சுற்றுபவர்கள் நாள் முழுக்க வந்துகொண்டே இருப்பார்கள். இங்கே கிடைத்த கணக்கு ஒன்றைச் சொல்கிறேன். 15 கி.மீ. வேகத்தில் போகும் சைக்கிள் 1/15 நொடியில் சுமார் 28 செ.மீ. நகர்கிறது. 60 கி.மீ. வேகத்தில் போகும் பைக் 1/60 நொடியில் நகர்வதும் அதே 28 செ.மீ.தான். அதாவது, கி.மீ. வேகத்தையே ஷட்டரின் கீழெண்ணாக வைத்துக்கொண்டால் பின்னணி இழுபடும் அளவு ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும். 120 கி.மீ. என்றால் 1/125. அங்கிருந்து தொடங்கி, கை பழகப் பழக 1/60, 1/30 என்று இறங்கலாம். சைக்கிளில் நிதானமாகத் திரும்பினால் போதும். ஆனால் ஷட்டர் நான்கு மடங்கு நேரம் திறந்திருப்பதால் கை நடுக்கம் அப்பட்டமாகத் தெரிந்துவிடும். அந்த நடுக்கத்தை அடக்கியவருக்குப் பந்தயத் தளம் மிரட்டலாக இருக்காது.

பனிமூட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெளிச்சம் குறைவாக இருப்பதால் மெதுவான ஷட்டர் சுலபமாகக் கிடைக்கிறது என்று மகிழ்ந்து படம் எடுத்தால், வண்டி நிறுத்திவைத்ததுபோல் இருக்கும். இழுபடுவதற்குப் பின்னால் எதுவுமே இல்லையே! சக்கரக் கம்பிகள் மட்டும் கரைந்திருக்கும். பின்னணியில் கருப்பும் வெளுப்பும் மாறிமாறி வர வேண்டும். அடிமரங்களின் வரிசை, வேலிக் கம்பிகள், இலைகளுக்கு நடுவே தெரியும் வானம் எல்லாம் நீண்ட கோடுகளாகிவிடும். வேகத்தைக் கண்ணுக்குக் காட்டுவது அந்தக் கோடுகள்தான்.

கோத்தகிரியிலிருந்து:

கொடைக்கானல் நண்பர் சொல்வது முழுக்க உண்மை. தேயிலைச் சரிவு மட்டும் பின்னால் இருந்தால் வெறும் பச்சைப் பூச்சாகத்தான் வரும். நடுவே சில்வர் ஓக் மரங்கள் நிற்கும் தோட்டமாகப் பார்த்து நில்லுங்கள், படமே மாறிவிடும்.

கூடலூரிலிருந்து:

மலையில் பழகிவிட்டுச் செட்டிபாளையத்து நண்பகல் வெயிலில் போய் நிற்பவர்களுக்கு: அங்கே வெளிச்சம்தான் எதிரி. சென்சாரின் ஒளியுணர்வு ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 1/60 என்றால், லென்ஸில் ஒளி நுழையும் துளையான அபெர்ச்சர் எஃப்/20 வரை சுருங்கிவிடுகிறது. படத்தின் கூர்மை மங்கும். சென்சாரில் ஒட்டியிருக்கும் தூசி எல்லாம் புள்ளி புள்ளியாகத் தெரியும். நான்கில் ஒரு பங்கு ஒளியை மட்டும் விடும் என்டி ஃபில்டர் மாட்டினால் எஃப்/10 போதும். இன்னும் அடர்த்தியான ஃபில்டர் இருந்தால் அபெர்ச்சரை மேலும் திறக்கலாம். பார்வையாளர் பக்கத்துக் கம்பிவலைக்கு நெருக்கமாக லென்ஸை வைத்து, அபெர்ச்சரைத் திறந்து பானிங் செய்தால் வலை பெரும்பாலும் கரைந்துபோகிறது. எனக்கு அது பெரிய விடுதலையாக இருந்தது.

கூட்டமாக வரும்போது ஒரே ஒரு வீரரைத் தேர்ந்தெடுத்து அவரை விடாமல் தொடருங்கள். அவரை முந்துபவர் சற்றே கலங்கித் தெரிவார். அந்த வேக வித்தியாசம் படத்தில் பதிவாவதை நான் மிகவும் விரும்புகிறேன்.

குன்னூர் அண்ணாவிடம் ஒரு கேள்வி. ஏற்றச் சாலையில் எடுக்கும்போது லென்ஸின் அதிர்வுக் கட்டுப்பாட்டைப் பானிங் நிலையில் வைக்கலாமா?

குன்னூரிலிருந்து:

நல்ல கேள்வி, தம்பி. அந்த நிலை, நாம் பக்கவாட்டில் திரும்பும்போது மேலும் கீழுமான நடுக்கத்தை மட்டும் அடக்குவதற்காக அமைந்தது. ஏற்றத்தில் பைக் சாய்கோட்டில் மேலேறுகிறது. நாமும் சாய்வாகவே தொடர வேண்டியிருக்கிறது. அந்த மேல்நோக்கிய அசைவையும் நடுக்கம் என்று லென்ஸ் எடுத்துக்கொண்டால் நம்மோடு இழுபறிதான். என் லென்ஸில் ஏற்றங்களில் அதை அணைத்துவிடும்போதுதான் படங்கள் தெளிவாக வருகின்றன. சாய்வைத் தானே கண்டுகொள்ளும் புதிய லென்ஸ்களும் இருக்கின்றன. உங்களுடையதை ஒரே வளைவில், ஒரே ஷட்டர் வேகத்தில், போட்டும் அணைத்தும் மாறிமாறி எடுத்துப் பாருங்கள். ஏறிவரும் வண்டிகள் மெதுவாக வரும் என்பதால் 1/30-இல் தொடங்குங்கள். முதலில் கேமராவைச் சாலையின் சாய்வுக்கு இணையாகப் பிடித்துக்கொள்ளுங்கள், ஹெல்மெட் சட்டகத்தில் ஒரே இடத்தில் நிற்கும்.