அணசு மட்டும் தெரியுற படத்தை வச்சு ஆளைச் சொல்ல முடியுமா?

கும்பகோணத்துக்காரன்:
நாதஸ்வர வித்வான் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை எங்க தாத்தா கல்யாணத்துல வாசிச்சார்னு வீட்டுல சொல்லாத ஆள் கிடையாது. ஆனா ஆல்பத்துல இருக்கிற சாட்சி என்னன்னா, மாப்பிள்ளை அழைப்புப் படத்துல காருக்குப் பின்னாடி ஒரு நாயனத்தோட அணசு (அடியில விரிஞ்சிருக்கிற வாய்ப் பகுதி), நாலு விரல், ஒரு கோட்டுக் கை. அவ்வளவுதான். போட்டோக்காரர் மாப்பிள்ளையைத்தானே பிடிப்பார்! இப்படித் துண்டு துண்டாத் தெரியுற படம் வேற யார்கிட்டயாவது இருக்கா?

மாயவரம் வாசகி:
அந்தக் கோட்டை லேசா விட்றாதீங்க அண்ணே. அப்போ நாயனக்காரங்கன்னா குடுமி, திறந்த மேல், இடுப்புல கட்டின துண்டு. கிராப்பு, ஷெர்வானி, சில்க் ஜிப்பானு வந்து நின்னவர் அவர். எங்க வீட்டுப் படத்துல பின்னந்தலை மட்டும்தான் இருக்கு. கிராப்பு, காதுல கடுக்கன். அவரேதான்னு எங்க அத்தை சத்தியம் பண்ணுவாங்க. நான் பண்ண மாட்டேன். அவரைப் பார்த்துக் கிராப்பு வச்சவங்க எத்தனை பேரோ!

ஆடுதுறைப் பக்கம்:
ஆளை விடுங்க, நாயனத்தைப் பாருங்க. எங்களுக்கு நாயனம் செய்யுற நரசிங்கம்பேட்டை கூப்பிடு தூரம். 2022ல புவிசார் குறியீடு வாங்குச்சே, அதே ஊர்தான். பழைய வீட்டுல இருந்து எடுத்த ஆச்சா மரம்தான் அங்க உசத்தி. ரொம்ப வருஷம் காய்ஞ்ச மரத்துலதான் நாதம் நிக்கும்னு சொல்வாங்க. முன்னாடி புழக்கத்துல இருந்தது திமிரி. குட்டை, சுருதி உச்சம். நீளமான பாரியைக் கையில எடுத்து, சுருதியை இறக்கி, தோடியை மணிக்கணக்கா விரிச்சவர் ராஜரத்தினம். அப்புறம் மத்தவங்களும் பாரிக்கு மாறிட்டாங்க. அதனால கல்யாணம் எவ்வளவு பழசோ அவ்வளவுக்கு அந்த நீளம் சாட்சி. என்ன வருஷம்?

கும்பகோணத்துக்காரன்:
1953. போச்சா!

திருவாரூர்ப் பெரியவர்:
போச்சுதான் தம்பி. 1956 டிசம்பர்ல அவர் காலமாகுற வரைக்கும் தஞ்சாவூர் ஜில்லாவுல நடந்த அத்தனை கல்யாணத்துலயும் அவர் வாசிச்சதா சொல்றாங்க. அப்புறம் திருவாவடுதுறை ஆதீன மடத்துக்கு எப்ப வாசிச்சார், எப்பத் தூங்கினார்? இன்னொண்ணு, நாயனக்காரருக்கும் மேடை வேணும், உட்கார்ந்துதான் வாசிப்பேன்னு நின்ன மனுஷன், உங்க தாத்தா காருக்குப் பின்னாடி நடந்து வந்தாரா? வந்திருக்கலாம். பிரியம் இருந்தா எதுவும் செய்வார்னுதான் எங்க அப்பாவும் சொல்வார். ஆனா நான் பந்தயம் கட்ட மாட்டேன்.
ஒரு வழி இருக்கு. பக்கத்துல தவில் யாருன்னு பாருங்க. அவருக்குப் பெரிய பெரிய ஆளுங்கதான் வாசிச்சாங்க. நாயனக்காரர் முகம் மறைஞ்சாலும் தவில்காரர் முகம் காட்டிக் கொடுத்துடும்.

கும்பகோணத்துக்காரன்:
பூதக்கண்ணாடி வச்சுப் பார்த்தாச்சு மாமா. தவில் இருக்கு. குச்சி பிடிச்ச கை இருக்கு. முகம் இருக்க வேண்டிய இடத்துல பெட்ரோமாக்ஸ் விளக்கு நிக்குது.

மாயவரம் வாசகி:
விளக்கு தூக்கினவரையாவது யாருன்னு கேட்டு வைங்க அண்ணே, அவர் வீட்டுலயும் ஒரு கதை இருக்கும்.