டைமிங்கைக் கூட்டினால், அதாவது பிளக்கில் பொறி விழும் நேரத்தை முன்னுக்குத் தள்ளினால், வேகம் கூடுமா? பழைய பந்தயக் கார் வைத்திருப்பவர்கள் கண்டதை எழுதுங்கள்

ஒழுகினசேரி

நண்பரின் பழைய பத்மினி கார். 1089 சிசி, பந்தயத்துக்காக ஹெட்டைச் சீவி, கம்ப்ரஷனை (பெட்ரோல்-காற்றுக் கலவை அமுங்கும் அளவை) ஏற்றிய எஞ்சின். பிளக்குகளுக்கு நேரம் பார்த்துப் பொறியை அனுப்பும் டெல்கோவை (டிஸ்ட்ரிபியூட்டர்) அவர் மயிரிழை முன்னால் திருப்பினார், இழுவை கூடியது. இன்னும் கொஞ்சம் திருப்பினார். அதற்குமேல் கூடியதா குறைந்ததா என்பது எங்கள் இருவருக்கும் பிடிபடவில்லை. நாக்கிங் (கலவை தாறுமாறாக வெடித்து எஞ்சின் தட்டுவது) இருந்திருக்கிறது, காதில்தான் விழவில்லை. சைலன்சர் இல்லாத நேர்க்குழாய், போதாததற்கு ஆரல்வாய்மொழிக் காற்று.

முப்பந்தல் பக்கம் வண்டியை ஓரம் கட்டினோம். கூட வந்த வடசேரி மெக்கானிக் அண்ணாச்சி மூன்றாவது பிளக்கைக் கழற்றி, அதன் வெள்ளைப் பீங்கானை வெயிலுக்கு நேரே பிடித்தார். மிளகுத்தூள் தூவியது போலப் புள்ளிகள், நடுநடுவே வெள்ளி மினுக்கு. "தம்பி, இது கரியில்லை. உம்முடைய பிஸ்டன்" என்றார். அலுமினியம் உருகித் தெறித்து அங்கே ஒட்டியிருக்கிறது!

நண்பர் முகத்தில் ரத்தம் இல்லை. அண்ணாச்சி டெல்கோவைப் பின்னால் திருப்பி இறுக்கினார். அதன் பிறகு அதே ஏற்றத்தில் வண்டி முன்னைவிட நன்றாக இழுத்தது. குறைத்த பிறகு எப்படிக் கூடியது? அண்ணாச்சி விளக்கவில்லை, எனக்கு இன்றுவரை அது மனதில் கிடந்து உறுத்துகிறது.

கருங்கல்

இதில் மர்மம் எதுவும் இல்லை. பிளக்கில் பொறி விழுந்தவுடன் பெட்ரோல் முழுவதும் எரிந்துவிடாது, தீ பரவ நேரம் வேண்டும். அதனால்தான் பிஸ்டன் உச்சிக்கு வருமுன்பே பொறியைக் கொடுக்கிறோம். உச்சியைத் தாண்டிப் பத்துப் பதினைந்து டிகிரியில் அழுத்தம் உச்சத்தில் இருந்தால்தான் கிராங்க் தண்டை நன்றாகத் தள்ளும். டைமிங்கை அளவுக்கு மேல் கூட்டினால், ஏறி வருகிற பிஸ்டனின் தலையிலேயே அடி விழுகிறது. கம்ப்ரஷன் ஏற்றிய எஞ்சினில் தீ வேகமாகப் பரவும், ஆகவே அதற்கு அட்வான்ஸ் (பொறி முந்தும் அளவு) குறைவாகவே போதும். இழுவை முழுதாக வந்த இடத்தில் கையை எடுத்துவிட வேண்டும்.

ஆனால் "மயிரிழை" என்று எழுதுகிறீர்களே, அதை நான் ஏற்க மாட்டேன். டெல்கோ கிராங்கின் பாதி வேகத்தில் சுற்றுகிறது. அங்கே 1 டிகிரி திருப்பினால் கிராங்கில் 2 டிகிரி.

என் கதை சிறியது. என்னிடம் வந்த ஒரு வண்டியில் ஐடிலில் டைமிங் லைட் (பொறி விழும் இடத்தைக் காட்டும் விளக்கு) 10 டிகிரி காட்டியது, நியாயம்தான். 3000 சுற்றுக்கு முடுக்கினால் 40-ஐத் தாண்டிப் போனது. டெல்கோவைத் திறந்தால், சுற்று ஏற ஏறப் பொறியை முந்த வைக்கும் வெயிட்டுகளின் ஸ்பிரிங் இரண்டில் ஒன்று தொளதொளவென்று கிடந்தது. ஐடிலில் மட்டும் பார்த்திருந்தால் எஞ்சின் போயிருக்கும்.

ஆகவே முதலில் உண்மையான உச்சியைக் கண்டுபிடியுங்கள். பிளக் துளையில் ஸ்டாப்பர் ஒன்றைத் திருகி, கிராங்கைக் கையால் இரு பக்கமும் சுற்றி, தட்டி நிற்கும் இரண்டு இடங்களையும் குறித்தால் நடுப்புள்ளிதான் உச்சி. பிறகு புல்லியில் அளவு போடுங்கள். 150 மி.மீ. விட்டமுள்ள புல்லி என்றால் 30 டிகிரிக்கு விளிம்பில் 39 மி.மீ. வெள்ளைப் பெயின்டில் கோடு இழுத்து, அட்வான்ஸ் முழுதாக வந்து நிற்கும் சுற்றில் லைட் அடித்துப் பாருங்கள். அந்த மொத்த அளவுதான் பந்தய வண்டிக்கு முக்கியம்.

குளச்சல்

எல்லோரும் கூடுதலைப் பற்றியே எழுதுகிறீர்கள். நான் பார்த்தது டைமிங் குறைந்துபோன கதை. என் தங்கை கணவருடைய வண்டி, கடற்கரையை ஒட்டிய ஷெட்டில் இரண்டு மழைக்காலம் சும்மா நின்றது. எடுத்து முடுக்கினால் சுற்று ஏறவே திணறுகிறது. கார்புரேட்டர்தான் என்று ஜெட்டை மாற்றிக்கொண்டே இருந்தார். ஒரு நாள் மாலை ஷெட்டில் விளக்குப் போடாமல் முடுக்கியபோதுதான் கண்டோம்: எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு செக்கச்செவேல் என்று பழுத்து நின்றது. மச்சான் சட்டென்று சாவியைத் திருப்பி அணைத்தார். அணைத்த பிறகும் அந்தச் சிவப்பு உடனே போகவில்லை.

உப்புக்காற்றில் டெல்கோவின் வெயிட்டுகள் துருவேறி இறுகிவிட்டன. சுற்று ஏறினாலும் அட்வான்ஸ் ஏறவில்லை. பொறி பிந்தி விழுந்ததால், எரிந்து முடியுமுன்பே வால்வு திறந்து சூடெல்லாம் குழாய்க்குப் போயிருக்கிறது. கருங்கல்காரர் சொல்லும் 39 மி.மீ. கோடு இருந்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும், அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கடலோரத்தில் இருப்பவர்கள் முதலில் மூடியைத் திறந்து வெயிட்டைக் கையால் அசைத்துப் பாருங்கள்.

மார்த்தாண்டம்

முப்பந்தலில் நிறுத்தினோம் என்று படித்ததும் எனக்குப் பதறிவிட்டது. காற்றாலைக்கு இறக்கை ஏற்றிவரும் நீள லாரிகள் போகும் சாலை அது. பந்தய வண்டியைச் சோதிக்க அதுவா இடம்? கோவை செட்டிபாளையத்தில் ஓடுதளம் இருக்கிறது, சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டை இருக்கிறது. தூரம்தான், செலவுதான். அப்படியும் அங்கேதான் போக வேண்டும். போக முடியாதவர் டைனோவில் (வண்டியை நின்ற இடத்திலேயே ஓட்டி இழுவையை அளக்கும் இயந்திரம்) ஏற்றட்டும். ஒவ்வொரு தடவையும் 2 டிகிரி மட்டும் மாற்றி ஓட்டி, பிளக்கைக் கழற்றிப் பார்த்து, எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் ஊற்றிய பம்ப் மாறினால் அதையும் எழுதுங்கள்.

எனக்குச் சொந்தக் கதை இல்லை. அந்தச் சாலையில் விபத்துகளைப் பார்த்தவன் என்பதால் எழுதினேன்.

தக்கலை

மார்த்தாண்டம் அண்ணன் சொன்னது சரி, அதை யாரும் மறுக்கவில்லை. டெல்கோவுக்குள் திறந்து மூடிப் பொறியை உண்டாக்கும் பாயிண்ட்டின் கேப்பைப் (இடைவெளியை) பற்றி ஒருவரும் எழுதாததுதான் எனக்கு வியப்பு.

இருங்காட்டுக்கோட்டைக்கு ஒரு அணியுடன் உதவிக்குப் போயிருந்தேன். முந்தின இரவே லைட் அடித்து டைமிங் கச்சிதமாக வைத்தாயிற்று. காலையில் வண்டியை வரிசையில் நிறுத்துமுன், பாயிண்ட் கறுத்திருக்கிறது என்று ஒருவர் உப்புத்தாளால் தேய்த்து, ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் தகடு) விட்டுக் கேப்பை அகலமாக்கினார். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். கேப் அகன்றால் பாயிண்ட் முன்னதாகத் திறக்கும், டைமிங் தானாகக் கூடிவிடும். இதைச் சொல்ல வாய் திறந்தேன், பெரியவர்கள் வேலையில் தலையிடாதே என்று ஒதுக்கிவிட்டார்கள். வண்டி சில சுற்றுகளிலேயே ஹெட் கேஸ்கெட் போய், வெள்ளைப் புகையோடு உள்ளே வந்தது.

கேப்பை வைத்த பிறகே டைமிங். டைமிங் வைத்த பிறகு கேப்பைத் தொட்டால் மறுபடியும் லைட் அடித்தே ஆக வேண்டும். குளச்சல்காரரே, வெயிட்டைச் சரிசெய்த பிறகு உங்கள் மச்சான் பாயிண்டைப் பார்த்தாரா?